கேட்பவர் கையில் என்ன இருக்கிறது?

1778 ஜூன் மாதம் பாரிஸில் மோட்சார்ட்டின் புதிய சிம்பொனி ஒன்று அரங்கேறியது. முதல் பகுதியின் நடுவில், கேட்பவர்களுக்குக் கட்டாயம் பிடிக்கும் என்று தெரிந்தே ஓர் இடத்தை அவர் வைத்திருந்தார். பிடித்தது, வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அரங்கம் கைதட்டியது. தட்டுவார்கள் என்று எதிர்பார்த்து அதே இடத்தைப் பகுதியின் முடிவிலும் ஒருமுறை வைத்திருந்தார். கடைசிப் பகுதியில் இன்னொரு தந்திரம். எல்லா வாத்தியங்களும் ஒன்றாக முழங்கித் தொடங்குவதுதான் பாரிஸ் வழக்கம். மோட்சார்ட் வயலின்களை மட்டும் மெல்லிய குரலில் பேசவிட்டார். கூட்டம் ஒருவரையொருவர் 'உஷ்' என்று அடக்கிக்கொண்டு காதைத் தீட்டியது. அடுத்த கணம் மொத்த வாத்தியக் குழுவும் வெடித்தெழ, மறுபடி கைதட்டல். இதையெல்லாம் ஜூலை 3 அன்று தந்தைக்குக் கடிதமாக எழுதிய மோட்சார்ட், கச்சேரி முடிந்த மகிழ்ச்சியில் ஐஸ்கிரீம் சாப்பிடப் போனதையும் சேர்த்தே எழுதினார்.

நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1918 இல், வியன்னாவில் ஆர்னால்ட் ஷோன்பெர்க் புதிய இசைக்கென ஒரு சங்கம் தொடங்கினார். உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி. அன்று என்ன வாசிக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டிச் சொல்லப்படாது. பத்திரிகை விமர்சகர்களுக்கு இடமில்லை. கைதட்டக் கூடாது, பிடிக்கவில்லை என்று காட்டிக்கொள்ளவும் கூடாது.

இருவரும் ஒரே மரபைச் சேர்ந்தவர்கள், ஏறத்தாழ அதே வாத்தியங்களுக்கு எழுதியவர்கள். ஒருவர் கேட்பவரின் கையைக் கணக்கில் வைத்து எழுதினார். மற்றவர் அந்தக் கையைக் கட்டிப்போட்டார். இசை என்றதும் ராகம், தாளம், குரல்வளம் பற்றிப் பேசுவது வழக்கம். பாடுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான ஏற்பாடும் அவற்றைப் போலவே இசையை உருவாக்குகிறது என்பதைக் கடந்த அரை நூற்றாண்டில் ஆய்வாளர் சிலர் வலியுறுத்தி வந்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் பிறந்த கிறிஸ்டஃபர் ஸ்மால் 1998 இல் வெளியிட்ட நூலில், இசையைப் படைப்புகளின் தொகுப்பாகப் பார்ப்பதை விட்டு, மனிதர்கள் கூடிச் செய்யும் காரியமாகப் பார்க்கச் சொன்னார். அவருடைய கணக்கில் டிக்கெட் கிழிப்பவரும் அரங்கைப் பெருக்குபவரும்கூட அந்தக் காரியத்தில் பங்காளிகள். அமெரிக்க இசை மானுடவியலாளர் தாமஸ் டுரினோ 2008 இல் இதை இன்னும் வகைப்படுத்தினார்: எல்லோரும் சேர்ந்து செய்யும் இசை, சிலர் செய்து மற்றவர் கேட்கும் இசை, நேரில் நடந்ததைப் பதிந்து தரும் இசை, ஒலிக்கூடத்திலேயே பிறக்கும் இசை.

இந்த வகைகளை ஒரே கேள்வியால் அளந்து பார்க்கலாம். நடந்துகொண்டிருக்கும் இசையில் கேட்பவரால் எதை மாற்ற முடிகிறது?

கேட்பவரே இல்லாத இடம்

பெருவில் டிட்டிகாகா ஏரிக்கு அருகே கொனீமா என்ற ஊர். அங்குள்ள அய்மாரா மக்களின் திருவிழாக்களில் சீக்கு என்னும் குழல்வரிசை வாசிக்கப்படும். அதன் சுரங்கள் இரண்டு பேரிடம் பிரிந்து கிடக்கின்றன. ஒருவர் ஒரு சுரத்தை ஊதினால் அடுத்த சுரம் எதிரில் நிற்பவரிடம் இருக்கும். தனியாக ஒருவர் மெட்டை முடிக்கவே முடியாது. டுரினோ அங்கே கண்ட இன்னொரு வழக்கம் வியப்பானது. விழாவன்று வருகிற ஆண் எவரும் குழலோடு கூட்டத்தில் நுழையலாம். தப்பாக ஊதினாலும் அந்த நேரத்தில் யாரும் திருத்துவதில்லை. மெட்டுகள் சிறியவை, திரும்பத் திரும்ப வருபவை. நாலு சுற்று கேட்டவர் ஐந்தாவது சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். குழல்களின் ஒலி ஒன்றன்மேல் ஒன்று அடர்ந்து கிடப்பதால் புதியவரின் பிழை அதில் மறைந்துபோகும். கச்சேரி ரசிகருக்கு அலுப்பூட்டக்கூடிய இந்த மறுவரவுதான் அங்கே வரவேற்பு வாசல்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1844 இல் வெளியான 'சேக்ரட் ஹார்ப்' என்ற பாட்டுப் புத்தகத்தைச் சுற்றி இதே போன்ற ஒரு மரபு வளர்ந்தது. பாடுவோர் நான்கு குரல் பிரிவுகளாக, நடுவில் வெற்றிடம் விட்டுச் சதுரமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அமர்கிறார்கள். விரும்புகிற ஒவ்வொருவரும் முறைபோட்டு நடுவில் வந்து நின்று ஒரு பாட்டை நடத்தலாம். முதலில் சுர எழுத்துகளைப் பாடிவிட்டுப் பிறகு சொற்களைப் பாடுவார்கள். ஒத்திகையும் கிடையாது, பார்வையாளர் வரிசையும் கிடையாது. நான்கு குரல்களும் சரியாகக் கூடிக் கேட்கிற ஒரே இடம் அந்தச் சதுரத்தின் நடு. வெளியே உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது முதுகுப்பக்கத்து ஓசை.

தமிழ்நாட்டின் பஜனை மரபும் இதற்கு நெருங்கிய உறவு. பாகவதர் ஒரு நாமாவளியை எடுத்துக்கொடுப்பார், கூட்டம் வாங்கிப் பாடும். முதலில் நிதானம், பிறகு துரிதம். மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் நடத்திய பஜனை பேர்பெற்றது. கச்சேரி மேடையில் வித்வான்கள் நிரவலும் சுரமும் சேர்த்துப் பாடிய கிருதிகளை இயற்றியவர் அவர். அதே மனிதர் வீதியில், தெருவில் நடக்கிறவர் வாயிலும் நுழையக்கூடிய பாட்டை எடுத்துக்கொடுத்தார். திறமை குறைந்துவிடவில்லை, பாட்டு யாருக்காகத் திறந்திருக்க வேண்டும் என்பது மாறியது.

சாமி வந்தால்தான் பாட்டு

கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்கு இருக்கும் வேலை வேறு. புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிக் கதை சொல்கிறார். குடமும் உடுக்கையும் சிங்கியும் சேர்கின்றன. பக்கப்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். கூட்டம் கதைக்காக உட்கார்ந்திருந்தாலும் புலவரின் கண் சாமியாடியின் மேல். கதை தெய்வத்தின் சாவை நெருங்க நெருங்கச் சொல்லின் வேகமும் தாளத்தின் அழுத்தமும் மாறும். இப்பகுதியில் கள ஆய்வு செய்து 1988 இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பாட்டும் அருள் வந்து ஆடுவதும் ஒன்றையொன்று இழுத்துச் செல்வதை விரிவாகக் காட்டினார். சாமி இறங்கவில்லை என்றால் பாட்டு எத்தனை இனிமையாக இருந்தும் பயனில்லை. இங்கே தலைமை ரசிகர் தெய்வம். தீர்ப்பு சாமியாடியின் உடம்பில் தெரியும்.

ஆப்பிரிக்காவில், ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் இரவு முழுக்க நடத்தும் 'பீரா' சடங்கும் இப்படியே இயங்குகிறது. இரும்புப் பட்டைகளைக் கட்டைவிரலால் மீட்டும் ம்பிரா கருவி, கிலுக்கு, கூடியிருப்போரின் கைதாளம், ஆட்டம் எல்லாம் சேர்ந்து முன்னோரின் ஆவியை அழைக்கின்றன. ஆவி உயிரோடிருந்த காலத்தில் அதற்குப் பிடித்த பாட்டு எதுவோ அதை வாசிக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் பால் பெர்லினர் 1978 இல் எழுதிய நூலின் வழியே இது உலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது.

வில்லுப்பாட்டு கோயிலை விட்டு வெளியே வந்தபோது நடந்ததும் கவனிக்கத்தக்கது. என்.எஸ். கிருஷ்ணனும் அவருக்குப் பின் சுப்பு ஆறுமுகமும் வில்லைப் பொதுமேடைக்கும் வானொலிக்கும் கொண்டுவந்தார்கள். காந்தி கதையும் சமூகக் கதைகளும் சாமி கதைகளின் இடத்தைப் பிடித்தன. சாமியாடிக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் புலவரின் ஒவ்வொரு வரிக்கும் 'ஆமா' போட்டுச் சந்தேகம் கேட்கும் பக்கப்பாட்டுக்காரருக்கு மவுசு கூடியது. எதிரே இருப்பவர்கள் கேட்க நினைப்பதையெல்லாம் அவர்களுக்காக மேடையில் உட்கார்ந்து கேட்கும் ஆள் அவர். முகம் தெரியாத வானொலி நேயருக்கு இந்தப் பிரதிநிதி மிகவும் பொருந்திப்போனார்.

இன்னொரு தரம்!

கேட்பவர் பாடுவதில்லை, ஆனாலும் பாட்டின் போக்கை நடத்துகிறார் என்ற ஏற்பாட்டுக்கு எகிப்தின் உம் குல்தூமை விஞ்சிய சான்று இல்லை. 1930-களில் தொடங்கி 1970-களின் தொடக்கம் வரை மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவுகளில் அவருடைய கச்சேரி வானொலியில் நேரலையாக வரும். ஓர் இரவுக்கு இரண்டு மூன்று பாட்டுகள் போதும். ஒரு வரியில் கூட்டம் அலறினால் அதே வரியை வேறு கமகத்தோடு, வேறு அழுத்தத்தோடு மறுபடி பாடுவார். மறுபடி அலறல், மறுபடி வரி. அரை மணியில் முடியக்கூடிய பாட்டு ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போவது சாதாரணம். அரபு இசையுலகில் தேர்ந்த ரசிகர்களை 'சம்மிஆ' என்பார்கள். அவர்கள் சரியான இடத்தில் எழுப்பும் பெருமூச்சும் கூவலும் இல்லாமல் பாடகர் உச்சத்தைத் தொடுவது கடினம் என்று, தாமே வாத்தியக் கலைஞரான ஜிஹாத் ரேசி எழுதினார்.

கவ்வாலியில் இது கடமையாகவே இருக்கிறது. தர்கா மஜ்லிஸில் ஒரு வரி யாரையாவது உலுக்கிவிட்டால், அவர் நிலைக்குத் திரும்பும்வரை கவ்வால் அந்த வரியை விட்டு நகரக் கூடாது. டெல்லியின் குத்புத்தீன் பக்தியார் காக்கி 1235 இல் இப்படி ஒரு பாரசீக ஈரடியைக் கேட்டுக்கொண்டே பரவசத்தில் உயிர்விட்டதாகச் சூஃபி மரபு சொல்கிறது. டெல்லி நிஜாமுத்தீன் தர்காவில் ஆய்வு செய்த ரெகுலா குரேஷி 1986 இல் வெளியிட்ட நூலில் இன்னொன்றையும் காட்டினார்: கவ்வால் பாடும்போதே ஒவ்வொரு முகமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். யார் அசைகிறார், யார் காணிக்கையோடு எழுகிறார், அவருடைய ஆன்மிக நிலை என்ன, சமூக நிலை என்ன என்று பார்த்து அடுத்த வரியைத் தேர்கிறார்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1926 இல் திறந்த சவாய் நடன மண்டபத்தில் ரசிகர்கள் காலால் பதில் சொன்னார்கள். 1937 மே மாதம் அங்கே பென்னி குட்மேன் குழுவும் சிக் வெப் குழுவும் மோதியபோது, குட்மேன் நாடெங்கும் புகழின் உச்சியில் இருந்தார். ஆனால் வெற்றி வெப்புக்குத்தான் என்று முடிவு செய்தவர்கள் அந்தத் தரையில் நின்ற ஆட்டக்காரர்கள்.

கர்நாடகக் கச்சேரியில் ரசிகரின் கருவி உள்ளங்கை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய முறையில் வர்ணம், கிருதிகள், ராகம் தானம் பல்லவி, துக்கடா என்று கச்சேரி நகர்கிறது. பாடகர் தொடையில் போடும் அதே தாளத்தை முன்வரிசையில் இருப்பவரும் போடுகிறார். கல்பனாசுரத்தின் கோர்வை எடுப்பில் வந்து சரியாக விழுகிறதா என்பதை அவர் தம் கையிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஐரோப்பிய அரங்கில் தாளம் நடத்துனரின் கோலில் மட்டுமே இருக்கும். இங்கே அது சபை முழுதும் பகிர்ந்து கிடக்கிறது. 'சபாஷ்', 'பலே', தலையாட்டல், மேடைக்குப் போகும் விருப்பச் சீட்டு, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனைப் பார்த்து நடக்கும் கால்கள் என எல்லாமே மேடையை எட்டும் செய்திகள். கடைசிச் செய்தி மிருதங்கக்காரருக்கு நன்றாகவே புரியும்.

இருட்டும் அமைதியும்

மேற்கத்தியச் செவ்வியல் அரங்கின் மௌனம் பழமையானது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் 1813 இல் பேத்தோவனின் ஏழாவது சிம்பொனி அரங்கேறியபோது இரண்டாம் பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கூட்டம் கேட்டது, வாசித்தார்கள். அமைதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் படிப்படியாகக் கற்பிக்கப்பட்டது. 1876 இல் பைராய்த்தில் வாக்னர் திறந்த அரங்கில் வாத்தியக் குழு கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் இறக்கப்பட்டது. பார்வையாளர் பகுதி இருட்டாக்கப்பட்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வந்த கூட்டத்துக்கு மேடையைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லாமல் போனது. இந்த ஏற்பாட்டில் கேட்பவர் இழந்தது நிறைய. நுணுக்கமான, நீண்ட, ஒரே முறை கேட்டால் பிடிபடாத இசையை எழுதும் துணிவு இசையமைப்பாளருக்கு அதிலிருந்து கிடைத்தது என்பதும் உண்மை. மாலரின் சிம்பொனியில் வரும் மிக மெல்லிய இடங்கள் அரட்டை அரங்கில் பிழைத்திருக்காது.

அந்த அமைதியையே 1952 இல் ஜான் கேஜ் திருப்பிப் போட்டார். நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில் பியானோ முன் அமர்ந்த டேவிட் டியூடர் நாலு நிமிடம் முப்பத்து மூன்று விநாடி ஒரு கட்டையையும் அழுத்தவில்லை. கேட்டதெல்லாம் காற்றும் மழையும் ரசிகர்களின் முணுமுணுப்பும்தான்.

யாருடைய விருப்பம்?

கேட்பவருக்கு அதிகாரம் கூடினால் இசை சமத்துவமாகும் என்று இதுவரை சொன்னதிலிருந்து முடிவுகட்ட முடியாது. தமிழ்நாட்டு அனுபவம் அதற்குக் குறுக்கே நிற்கிறது.

பறை வாசிப்பவர் கிராமத்துச் சாதி அமைப்பில் கேட்பவரின் ஆணைக்குக் கட்டுப்பட்டவராக வைக்கப்பட்டிருந்தார். சாவுக்கும் திருவிழாவுக்கும் தலித் மக்கள் பறையடித்தே ஆக வேண்டும் என்பது தொழிலாக அல்லாமல் கட்டாயமாகத் திணிக்கப்பட்டது. அதனால்தான் அடிக்க மறுப்பதும் ஒரு போராட்ட வடிவமாயிற்று. பின்னர் அதே கருவி விடுதலைக் குரலாக மேடையேறியது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. 2025 இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் பத்மஸ்ரீ விருது பெற்றார். அடிகள் பழையவைதான். எப்போது, எங்கே, யார் முன் அடிப்பது என்பதை அடிப்பவரே முடிவு செய்கிறார் என்பதில்தான் புதுமை.

நாகஸ்வரத்திலும் இந்த இழுபறி நடந்தது. சாமி புறப்பாட்டில் மல்லாரி தொடங்கி வீதி முழுக்க ராகம் விரியும். கேட்பவர் கூடவே நடப்பார், மூலையில் நின்று ஆலாபனை முடியும்வரை காத்திருப்பார். டிக்கெட் இல்லாத மகாசபை அது. ஆனால் வித்வான் மேலாடையின்றி நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் எதிர்பார்த்தார்கள். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்பும் ஷெர்வானியுமாக மேடையில் உட்கார்ந்து வாசித்து அந்த எதிர்பார்ப்பை உடைத்ததில் முன்னணியில் நின்றார். மணிக்கணக்கில் தோடி வாசித்தவரைக் கேட்கக் கூட்டம் அவர் சொன்ன இடத்துக்கு வந்தது.

எல்லோரும் சேர்ந்து பாடும் இடத்திலும் 'எல்லோரும்' யார் என்ற கேள்வி இருக்கிறது. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலாகப் பஞ்சரத்தினம் பாடுவது இன்று தமிழகத்தின் மிகப் பெரிய கூட்டிசைக் காட்சிகளில் ஒன்று. அங்குள்ள தியாகராஜர் சமாதியைத் தம் பொருளால் கட்டியெழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே அங்கே பாட முதலில் இடம் கிடைக்கவில்லை. பெண்கள் தனிக் கட்சியாகப் பாடி வந்து, 1940 வாக்கில் ஆண்களின் இரண்டு கட்சிகளோடு இணைந்த பிறகுதான் ஆராதனை ஒன்றானது.

முகம் தெரியாத செவி

1902 இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடியபோது பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டியிருந்தது. முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். எதிரே ரசிகர் இல்லை. கேட்கப்போகிறவருக்குப் பாடியது யார் என்று சொல்ல வேறு வழியும் இல்லை. அன்று பிரிந்த பாடகரையும் கேட்பவரையும் மறுபடி கோத்துவைக்கும் முயற்சிகளின் வரலாறாகவே அதற்குப் பிந்தைய காலத்தைப் படிக்கலாம்.

வானொலி ஒரு வழியைக் கண்டது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தமிழ்நாட்டு வீடுகளிலும் டீக்கடைகளிலும் ஒலித்த காலத்தில், பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்களின் பெயர்ப்பட்டியல் வரும். கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் நேயர் பெயரை வாசிக்கும் அழகுக்கே ரசிகர்கள் இருந்தார்கள். பாட்டைத் துளியும் மாற்ற முடியாத நேயருக்கு, அது எப்போது ஒலிக்க வேண்டும், யார் பெயரோடு ஒலிக்க வேண்டும் என்பதில் ஒரு போஸ்ட்கார்டு அளவுக்கு உரிமை கிடைத்தது.

கனடாவின் பியானோ மேதை க்ளென் கூல்ட் இந்தப் பிரிவைத் தலைகீழாகப் பார்த்தார். 1964 இல், முப்பத்தோரு வயதில், கச்சேரி மேடையை அடியோடு விட்டார். கூட்டத்தின் எதிரே வாசிப்பது இசைக்குக் கேடு, வீட்டில் ஒலிப்பெட்டியின் குமிழ்களைத் திருப்பும் ரசிகரே நாளைய இசைப் பங்காளி என்பது அவர் வாதம். ஜப்பானின் கோபே நகரில் 1971 இல் டைசுகே இனோவே செய்தது அந்த வாதத்தையும் தாண்டியது. வாடிக்கையாளர்கள் பாட அவர் பின்னணி வாசிப்பார். வெளியூருக்கும் வந்து வாசிக்கச் சொல்லி ஒரு வாடிக்கையாளர் அழைக்க, போக முடியாமல் பின்னணியை மட்டும் டேப்பில் பதிந்து கொடுத்தார். கரோக்கே கருவி அதிலிருந்து பிறந்தது. காப்புரிமை வாங்காமல் விட்டவர் அவர். கிராமபோன் கேட்பவரை அறையிலிருந்து அகற்றியது. கரோக்கே வாசிப்பவரை அகற்றிவிட்டுக் கேட்பவர் கையில் மைக்கைக் கொடுத்தது.

கேட்பவருக்கு இன்னொரு அதிகாரமும் இந்தக் காலத்தில் வந்து சேர்ந்தது: எது மிஞ்ச வேண்டும் என்று முடிவு செய்வது. அமெரிக்காவின் 'கிரேட்ஃபுல் டெட்' குழு 1984 முதல் கச்சேரியைப் பதிவு செய்ய வரும் ரசிகர்களுக்கென அரங்கில் தனிப் பகுதியே ஒதுக்கியது. தமிழ்நாட்டில் அப்படி யாரும் இடம் ஒதுக்கவில்லை. ஸ்பூல் டேப்பும் பிறகு கேசட்டுமாக ரசிகர்கள் தாங்களே பதிந்து, படியெடுத்து, கைமாற்றிக்கொண்டார்கள். மதுரை மணி ஐயரின் (1912–1968) மணிக்கணக்கான கச்சேரிகள் இன்று இணையத்தில் கேட்கக் கிடைப்பதில் வானொலியோடு இந்த ரசிகர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. மூன்று நிமிட இசைத்தட்டு அவருடைய கல்பனாசுரத்தைத் தாங்கியிருக்காது. சபையில் உட்கார்ந்து எடுத்த டேப்புகள் என்பதால் அக்கம்பக்கத்துச் சத்தமும் அவற்றில் இருக்கிறது: இருமல், நாற்காலி இழுபடும் ஓசை, சுரம் எடுப்பில் வந்து விழும் நொடியில் மைக்குக்குப் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் பாடகரைவிட உரக்கப் போட்ட 'பலே'.